போர்க்காலத் தொழிற்சாலைப் படங்களை ஆவணப் புகைப்படம் என்று மாட்டலாமா?

விஸ்காம் ஆசிரியை, திருச்சி

வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் புகைப்படக் கண்காட்சி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் நாட்டுக்குள் எடுக்கவைத்த படங்களில் ஒரு சுவர் நிறையத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எல்லாம் அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இறக்கியவை. ஆல்ஃபிரட் பால்மர் எடுத்த விமானத் தொழிற்சாலைப் பெண்கள், ஜாக் டெலானோவின் ரயில்வே பணிமனை, ரஸ்ஸல் லீ 1942 அக்டோபரில் மொன்டானாவின் ப்யூட் நகரத்தில் எடுத்த பழைய இரும்புச் சேகரிப்பு. இவற்றோடு தகர டப்பா நசுக்குவது, சமையல் கொழுப்பைச் சேர்த்துவைப்பது என்று வீடுகளுக்குச் சொல்லித்தரும் படங்கள் சில.

‘ஆவணப் புகைப்படம்: போர்க்கால உள்நாடு’ என்று தலைப்பும் அச்சுக்குத் தயார். அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பால்மரின் படத்தைக் காட்டி, “மேடம், முகத்துக்கு லைட் வெச்சு, லிப்ஸ்டிக் போட்டு, கையில ட்ரில் குடுத்து எடுத்திருக்காங்க. நகைக்கடை விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். வகுப்பே அவர் பக்கம் நின்றது. தொழிற்சாலைக்குள் படம் எடுத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தலைப்பை மாற்றவேண்டுமா, படங்களை மாற்றவேண்டுமா?


வார்ப்படம், கோவை

மேடம், அந்தத் தம்பி கேட்டது நல்ல கேள்விங்க. நான் கோவையில பவுண்டரி, பம்ப்செட், மோட்டார் கம்பெனிகளுக்கு உள்ளே போய்ப் படம் எடுத்துக் குடும்பம் நடத்துறவன். எனக்குத் தெரிஞ்சதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல லைட் விஷயம். பால்மரோட கலர் படங்கள் 4×5 அங்குல கோடாக்ரோம் ஷீட் பிலிம்ல எடுத்தது. அந்தக் கோடாக்ரோமோட வேகம் இன்னிக்குக் கணக்குல ஐஎஸ்ஓ 10 பக்கம்தான் வரும். ஒரு ஷெட்டுக்குள்ள, கூரை விளக்கை மட்டும் நம்பி, லென்ஸை எஃப் 8-ல வெச்சா ஷட்டர் சில விநாடி திறந்திருக்கணும். ட்ரில் பிடிச்ச கை அதுக்குள்ள கலங்கிப் போயிடும். பிளாஷ் பல்பு இல்லாம அந்தப் படமே இல்லீங்க. லைட் வெச்சு எடுத்தாங்கங்கிறதை மட்டும் வெச்சு ‘இது ஆவணம் இல்லை’ன்னு சொன்னோம்னா, டெலானோவையும் சேர்த்துத் தள்ளணும். 1943 ஏப்ரல்ல அயோவா மாநிலம் கிளின்டன்ல, ரயில் எஞ்சின் துடைக்கிற பெண்கள் ஓய்வறையில சாப்பிடுற படம் உங்க சுவர்ல கண்டிப்பா இருக்கும். அதுலயும் லைட் வெளிய இருந்து கொண்டுவந்ததுதான். கேமரா இருக்குன்னு அந்தப் பெண்களுக்கும் தெரியும். ஆனா அவங்க ஓவரால்ல இருக்கிற கரியும் கிரீஸும் யாரும் பூசிவிட்டது இல்லை. அன்னிக்குக் காலையில இருந்து செஞ்ச வேலை அப்படியே துணியில நிக்குது.

பால்மர்கிட்ட அந்த அழுக்கு கிடைக்காதுங்க. அவரோட பெண்கள் சுத்தமா இருப்பாங்க, பின்னணி இருட்டா இருக்கும், உலோகம் மட்டும் மின்னும். அவர் இருந்தது அவசரகால நிர்வாக அலுவலகத்தோட படப்பிரிவு. பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் படம் குடுக்கிறதுதான் அதோட வேலை. டெலானோவும் லீயும் வந்த வழி வேற. பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்னு ஒரு துறை, அதுல ராய் ஸ்ட்ரைக்கர் நடத்துன பிரிவு. 1935-ல இருந்து வறட்சியையும் குத்தகை விவசாயிங்களையும் எடுத்தவங்க அவங்க. 1942-ல போர்த் தகவல் அலுவலகம்னு புதுசா ஒண்ணு வந்தது, ரெண்டு கூட்டமும் அதுக்குள்ள போய்ச் சேர்ந்தது. இப்ப உங்க சுவர்ல பக்கத்துப் பக்கத்துல தொங்கப் போறது ரெண்டு தனித்தனிப் பழக்கத்துல எடுத்த படங்கள். உங்க மாணவர் கண்ணுக்குப் பட்டதும் அந்த வித்தியாசம்தான்.

எந்தப் படம் எங்க இருந்து வந்ததுன்னு நெகடிவ் எண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லிடலாம். எண்ணோட தொடக்கத்துல ‘யுஎஸ்எஃப்’னு வந்தா பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம். ‘யுஎஸ்இ’ன்னா அவசரகால நிர்வாக அலுவலகம். ‘யுஎஸ்டபிள்யூ’ன்னா போர்த் தகவல் அலுவலகம். இதையும் படத்துக்குக் கீழே போடுங்க. பார்க்கிறவங்க சுவரை ரெண்டாப் பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

இன்னொண்ணு செய்யுங்க. அந்தத் தளத்துல ஒரு படத்தைத் திறந்தா, பக்கத்து எண்ணுள்ள படங்களையும் வரிசையாப் பார்க்க வழி இருக்கு. அதைப் பார்க்காம ஒரு படத்தைக்கூட மாட்டாதீங்க. கறுப்புவெள்ளை நெகடிவ் மட்டும் சுமார் 1,75,000 இருக்கு, கலர் 1,600 போல. பால் வாண்டர்பில்ட்ங்கிறவர் அதையெல்லாம் ஒவ்வொரு வேலையா, ஒவ்வொரு கதையாக் கட்டுக் கட்டிவெச்சார். ஒரு கட்டை முழுசாப் பார்த்தீங்கன்னா, முன்னாடி ஷாட்ல அதே பெண் எங்க நின்னாங்க, மேஸ்திரி எங்க நின்னார், எந்த எந்திரம் ஓடலைன்னு தெரிஞ்சுடும். தனியா எடுத்த ஒத்தைப் படம் என்னைக்கும் தன்னைப் பத்தி மட்டும்தான் பேசும்.

பால்மரை நான் கொஞ்சம் தாங்கிப் பேசுறேன், காரணம் இருக்கு. 1943 பிப்ரவரி, நாஷ்வில் நகரத்து வல்டி விமானத் தொழிற்சாலை. ஒரு கறுப்பினப் பெண், தலையில துணி கட்டி, கை ட்ரில்லால விமான உடம்புல துளை போடுறாங்க. அமைச்சு எடுத்த படம்தான், மறுக்கலை. ஆனா அவங்க விரல் எங்க இருக்குன்னு பாருங்க, உடம்பு எப்படிச் சாஞ்சிருக்குன்னு பாருங்க. ட்ரில்லைப் பிடிக்கத் தெரியாத மாடலை நிக்கவெச்சு நானே எத்தனையோ படம் எடுத்திருக்கேன். மணிக்கட்டு மடிஞ்சுதான் இருக்கும், முகம் கேமராவைத்தான் தேடும். இவங்க பார்வை துளை மேல இருக்கு. போர்த் தொழிற்சாலையில நிறத்தைப் பார்த்து வேலை மறுக்கக்கூடாதுன்னு அதிபர் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டது 1941 ஜூன். அந்த உத்தரவு எங்கேயோ ஒரு இடத்துல நடைமுறைக்கு வந்ததுக்கு இந்தப் படம் சாட்சி. எல்லா இடத்துலயும் வந்துடுச்சுன்னு அது சொல்லலை, அதையும் நாம சொல்லக்கூடாது. அவங்க செஞ்சுட்டு இருந்தது வெஞ்சன்ஸ்ங்கிற குண்டுவீச்சு விமானம். நம்ம இந்திய விமானப்படையோட 7, 8 ஸ்குவாட்ரன் பர்மா போர்முனையில ஓட்டுனது அந்த ரகத்தைத்தான். இதை ஒரு வரி எழுதிவெச்சா பசங்க நின்னு பார்ப்பாங்க.

இனி பழைய பொருள் சேகரிப்புப் படங்கள். உங்க சுவர்ல இதுதான் ரொம்ப முக்கியமான பகுதின்னு நான் நினைக்கிறேன். எல்லாத்தையும் ஒரே ஃப்ரேம்ல ‘மக்கள் பங்களிப்பு’ன்னு போட்டுடாதீங்க. பொருளுக்குப் பொருள் கதை வேற.

இரும்பை எடுத்துக்குங்க. அந்தக் காலத்து ஓப்பன் ஹார்த் உலையில எஃகு காய்ச்சணும்னா போடுற உலோகத்துல கிட்டத்தட்ட பாதி பழைய இரும்பு. அது இல்லாம உலை நடக்காது. நெப்ராஸ்காவுல ஒமாஹா வேர்ல்ட்-ஹெரால்டு பத்திரிகை 1942 கோடையில ஒரு போட்டி மாதிரியே நடத்தி, மாநிலத்துல தலைக்கு 100 பவுண்டுக்கு மேல சேர்த்தது. அதுக்கு 1943-ல புலிட்சர் பரிசும் வாங்குச்சு. அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கப் பத்திரிகைகள் இறங்குச்சு. அதனால, உடைஞ்ச கலப்பையும் கட்டிலும் கொதிகலனும் மலையாக் குவிஞ்சு கிடக்கிற படங்கள் ப்யூட்ல எடுத்ததோ வேற ஊர்ல எடுத்ததோ, அதுல பொய் இல்லை. அந்தக் குவியல் நேரா உலைக்குப் போறது. காயலான் கடைக்கு முன்னாடி நின்னு வண்டியில என்ன ஏறுதுன்னு பார்க்கிற பழக்கம் உள்ளவனுக்கு ஒரு சந்தோஷம் இந்தப் படங்கள்ல இருக்கு. எது வார்ப்பு, எது தகடு, எது உருட்டுக் கம்பின்னு உத்துப் பார்த்தாப் பிரிச்சே எண்ணிடலாம்.

அலுமினியம் அப்படி இல்லீங்க. 1941 ஜூலையில, அமெரிக்கா போருக்குள்ள போறதுக்கு முன்னாடியே, வீட்டுச் சட்டிபானைகளை விமானத்துக்குன்னு சேர்த்தாங்க. சட்டியில இருக்கிறது ஒரு கலவை, கெட்டில்ல இருக்கிறது வேற கலவை, கைப்பிடியில இரும்பு ஆணி. எல்லாத்தையும் ஒண்ணா உருக்கினா வர்ற உலோகத்தை விமானத் தகட்டுக்கு யாரும் தொட மாட்டாங்க. எங்க ஊர் டை காஸ்டிங் பட்டறையிலகூட ஸ்கிராப்பைத் தரம் பிரிக்காம உலையில போட்டா மேஸ்திரி சும்மா விடமாட்டார். சேர்த்ததுல பெரும்பகுதி விமானத்துக்கு உதவலை. ஆனா பாத்திரத்தோட வந்து நின்ன வீட்டம்மாவோட முகம் பொய் இல்லை, அவங்க நம்பித்தான் குடுத்தாங்க. இதைப் படத்துக்குக் கீழே எழுதணும்ங்க, மறைக்கக்கூடாது.

பால்மர் 1942 அக்டோபர்ல லாங் பீச் டக்ளஸ் தொழிற்சாலை முற்றத்துல எடுத்த கலர் படம் ஒண்ணு இருக்கு. ஒரு இளம்பெண் உலோகச் சுருள் குவியலுக்கு நடுவுல இருப்பாங்க. எந்திரத்துல சீவி விழுற அதே சுருளை அணிகலனாப் போட்டிருப்பாங்க. சேகரிப்பு இயக்கத்தை விளம்பரப்படுத்துற படம்னு அதோட தலைப்பே சொல்லிடுது. இதை நடுவுல மாட்டுங்க. தன்னை விளம்பரம்னு வெளிப்படையாச் சொல்லிக்கிற படம் அது. கூடவே இன்னொண்ணும் அதுல தெரியுது. தொழிற்சாலைக்குள்ளேயே விழுற ஸ்கிராப் ஒரே கலவையில தரம் பிரிஞ்சு வரும், திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். வீட்டுச் சட்டிக்கு இல்லாத மதிப்பு அந்தச் சுருளுக்கு உண்டு.

தகர டப்பா, கொழுப்பு ரெண்டும் வீட்டு வேலைப் படங்கள். டப்பாவைக் கழுவு, மேல் காகிதத்தைக் கிழி, ரெண்டு பக்க மூடியையும் வெட்டி உள்ளே போடு, காலால மிதிச்சுத் தட்டையாக்கு. இந்த வரிசையை நேராச் சொல்லித்தரத்தான் அந்தப் படங்களை எடுத்தாங்க. போர்த் தகவல் அலுவலகத்துல ஆன் ரோஸ்னர் இந்த மாதிரி வீட்டுச் சிக்கன வேலை நிறையச் செஞ்சார். டப்பாவுல அவங்க தேடினது இரும்பை இல்லீங்க, மேல பூசியிருக்கிற மெல்லிய வெள்ளீயத்தை. பித்தளைப் பாத்திரத்துக்கு நம்ம ஊர்ல பூசுற அதே ஈயம்தான். கொழுப்புல இருந்து கிளிசரின், கிளிசரின்ல இருந்து வெடிமருந்து. கறிக்கடையில கொண்டுபோய்க் குடுக்கணும். இந்தப் படங்கள்ல கை மட்டும்தான் முக்கியம், முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் கவலைப்படமாட்டாங்க. அளவுல சின்னதா, வரிசையா, செய்முறை மாதிரியே மாட்டுங்க. பெருசு பண்ணிக் கலைப்படம் ஆக்கிட்டா அதோட குணம் போயிடும்.

தலைப்பைப் பத்திக் கேட்டீங்க. ‘அரசு எடுக்கவைத்த படங்கள்’னு அதுலயே சொல்லிடுங்க. சொன்ன பிறகு ‘ஆவணம்’ங்கிற சொல்லை வெச்சுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.


கறுப்புவெள்ளை

வார்ப்படம் அண்ணன் நன்றாக விளக்கியிருக்கிறார், ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1942 தொடக்கத்தில் ஸ்ட்ரைக்கர் தன் ஆட்களுக்கு எழுதியது பதிவில் இருக்கிறது: நாட்டை உண்மையாகவே நம்புகிறவர்கள் போலத் தெரியும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் படம் உடனே வேண்டும் என்று. எப்படித் தெரியவேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டு எடுத்தால் அது பிரசாரம். 1930-களில் பிடிக்காத நெகடிவில் துளை போட்டுப் பாழாக்கியவரும் அவர்தான். அதே 1942-ல் மேற்குக் கரையில் ஜப்பானிய அமெரிக்கர்களை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாமுக்கு அனுப்பினார்கள். டெட்ராய்ட்டில் சோஜர்னர் ட்ரூத் குடியிருப்புக்குக் கறுப்பினக் குடும்பங்கள் வரக்கூடாது என்று வெள்ளையர்கள் கலவரம் செய்தார்கள். போர்த் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது! இதெல்லாம் இல்லாத சுவர், சிரித்த முகங்களின் சுவர்தான்.


வார்ப்படம், கோவை

தம்பி, நீங்க சொன்ன சம்பவம் ரெண்டுமே சரி. அதுக்கான படங்கள் எங்க இருக்குன்னு பாருங்க. ‘எங்கள் வெள்ளையர் பகுதியில் எங்களுக்கு வெள்ளையர்தான் குடிவரவேண்டும்’னு எழுதுன பலகையை, மேல அமெரிக்கக் கொடி சொருகியிருக்கிறதோட எடுத்தவர் ஆர்தர் சீகல். 1942 பிப்ரவரி. அது இதே சேகரிப்புலதான் இருக்கு. ஜப்பானிய அமெரிக்கர்கள் மூட்டை முடிச்சோட லாஸ் ஏஞ்சலஸ்ல ரயிலேறக் காத்திருக்கிறதை அந்த ஏப்ரல்ல எடுத்தவர் ரஸ்ஸல் லீ. அதே வருஷம் அக்டோபர்ல ப்யூட் நகரத்து இரும்புக் குவியலை எடுத்தவரும் அவரேதான். ஒரே ஆள், ஒரே சம்பளம், ஒரே பெட்டி.

ஸ்ட்ரைக்கரோட துளைக்கு நானும் வக்காலத்து வாங்கமாட்டேன். அந்த நெகடிவ்களைப் பார்க்கிறப்ப வயிறு எரியுது, எடுத்தவங்களே அன்னிக்குச் சண்டை போட்டாங்க. ஆனா 1943-ல அந்தப் பிரிவைக் கலைக்கிற நிலைமை வந்தப்ப, முழுத் தொகுப்பும் சிதறாம லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போகணும்னு போராடினவரும் அவர்தான். 1944-ல போய்ச் சேர்ந்துச்சு. அதனாலதான் இன்னிக்கு நீங்களும் நானும் கொடி சொருகுன அந்தப் பலகையைக் காட்டி வாதம் பண்ண முடியுது.

மேடம், தம்பி சொன்னதுல ஒண்ணை அப்படியே எடுத்துக்குங்க. வல்டி தொழிற்சாலைப் பெண்ணுக்குப் பக்கத்துல சீகலோட பலகையை மாட்டுங்க. ரெண்டுக்கும் இடைவெளி ஒரு வருஷம்தான்.


தோட்டத்து மகள், பேராக்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். டயர் குவியல் படங்கள் என்று ஆசிரியை சொன்னாரா என்று திரும்பத் திரும்பத் தேடினேன், இல்லை. கட்டாயம் சேருங்கள். 1942 ஜூன் 15-லிருந்து ரூஸ்வெல்ட் அறிவித்த ரப்பர் சேகரிப்பில் அமெரிக்கர்கள் பெட்ரோல் நிலையங்களில் பழைய டயர், மழைக்காலணி, தோட்டக் குழாய் எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். பவுண்டுக்கு ஒரு சென்ட் கொடுத்தார்கள். கெடுவைப் பத்து நாள் நீட்டி, ஏறக்குறைய 4,50,000 டன் சேர்ந்தது.

ஏன் சேர்த்தார்கள்? அமெரிக்காவுக்குப் போன இயற்கை ரப்பரில் 90 சதவீதத்துக்கும் மேல் மலாயா, டச்சு இந்தியத் தீவுகள் பக்கமிருந்து போனது. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைந்துவிட்டது. தகர டப்பாவுக்கு ஈயம் வேண்டும் என்று அண்ணன் எழுதினாரே, அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஈயம்தான்.

அமெரிக்காவில் பழைய செருப்பைக்கூட ரப்பருக்காகப் பொறுக்கிய அதே மாதத்தில், இங்கே தோட்டத்தில் மரம் நிற்கிறது, பால் ஊறுகிறது, வாங்கிக் கப்பலேற்ற ஆள் இல்லை. வெள்ளைக்கார துரைகள் ஓடிவிட்டார்கள். அரிசி இல்லாமல், தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு. பால் வெட்டி வாழ்ந்த தமிழர்களைத்தான் ஜப்பானியர்கள் லாரி லாரியாக ஏற்றி சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதை 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது, 415 கிலோமீட்டர். என் தாத்தாவின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. பாட்டி அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம், மரத்தில் பால் வடிந்து மண்ணில் ஊற்றிய காலம் அது என்பார்.

உங்கள் சுவருக்கு இது வேறு நாட்டுக் கதை இல்லை, அம்மா. திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் மரத்துப் பால் அந்த டயரில் இருந்தது. டயர் குவியல் படத்தின் கீழே மலாயா என்ற பெயர் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


விஸ்காம் ஆசிரியை, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. இன்று மாணவர்களோடு உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்தோம். கேள்வி கேட்ட மாணவரையே பக்கத்து எண் படங்களைத் தேடும் வேலையில் உட்காரவைத்திருக்கிறேன். தலைப்பு ‘போரும் பழைய இரும்பும்: அமெரிக்க அரசு எடுக்கவைத்த படங்கள், 1941–1943’ என்று மாறுகிறது. சீகலின் பலகையும் லீயின் ரயில் நிலையமும் சேர்கின்றன. டயர் படத்துக்கான குறிப்பை, பேராக் சகோதரி அனுமதித்தால், அவர் எழுதிய சொற்களிலேயே போட விரும்புகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் கேட்கவேண்டும். மூலத் தலைப்புகளை நாங்கள் தமிழாக்கும்போது வேலை செய்யும் பெண்களை ‘கேர்ள்’ என்றெல்லாம் அன்று எழுதியதை மாற்றலாமா? அச்சுக்கு எந்தத் தாள்?


தோட்டத்து மகள், பேராக்

தாராளமாகப் போடுங்கள். என் பெயர் வேண்டாம், ‘பேராக் ரப்பர் தோட்டத்துக் குடும்பம்’ என்று மட்டும் இருக்கட்டும்.


வார்ப்படம், கோவை

படத்தோட தலைப்பை அன்னிக்கு அவங்க எழுதுன மாதிரியே மொழிபெயர்த்துப் போடுங்க மேடம். அது அரசாங்கம் பேசுற குரல், அதைத் திருத்தினா யார் பேசினாங்கன்னு தெரியாமப் போயிடும். உங்க குறிப்பைத் தனியா, வேற எழுத்து அளவுல கீழே குடுங்க. அமெரிக்க அரசு ஊழியர்கள் எடுத்ததுனால காப்புரிமைத் தொல்லை இல்லை. ஆனாலும் எடுத்தவர் பேர், நெகடிவ் எண், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் மூணும் ஒவ்வொரு படத்துக்கும் வரணும்.

தாள் மேட்தான், பளபளப்பு வேண்டாம். டியூப் லைட்டுக்குக் கீழே கிளாஸி மாட்டினா டெலானோவோட கறுப்பெல்லாம் கண்ணாடி ஆயிடும். பெரிய டிஃப் கோப்பை இறக்குங்க, ஜேபெக் வேண்டாம். ஸ்கேன்ல கோடாக்ரோமோட ஓரம் தெரியும், அதை வெட்டாதீங்க. சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், லேப்ல ‘சரி பண்ணட்டுமா’ன்னு கேட்பாங்க. வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லிடுங்க. கிளின்டன் படத்தை மட்டும் 24×30 அங்குலத்துல போடுங்க, அந்தத் துணியில இருக்கிற கிரீஸ் தெரியணும்.